இளநிலைக் கட்டடக்கலைப் படிப்பு தொழிலுக்குத் தயார்செய்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டடக்கலை படிக்கும் மாணவர்களும், படிக்க வைக்கும் பெற்றோரும், படித்து முடித்தவர்களை வேலைக்கு எடுக்கும் அலுவலகங்களும் ஏறக்குறைய ஒரே ஐயத்தை வெவ்வேறு சொற்களில் எழுப்புகிறார்கள்: இத்தனை ஆண்டுகள் படித்தும் வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் ஏன் இவ்வளவு தடுமாற்றம்? அந்த ஐயத்தைச் சுற்றி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே தரப்பட்டுள்ளன.

பட்டம் பெற்றவுடன் ஒருவர் தனித்துத் தொழில் செய்ய முடியுமா?

சட்டம் அனுமதிக்கிறதா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் பட்டத்தோடு 3,740 மணி நேர அனுபவத்தையும் பதிவுசெய்து, ஆறு பிரிவுகள் கொண்ட உரிமத் தேர்விலும் தேற வேண்டும் என்பதே வழக்கமான பாதை. பிரிட்டனில் நெடுங்காலமாக இருந்துவரும் மூன்று பகுதி முறையில் இளநிலைப் பட்டம் முதற்பகுதி மட்டுமே. அதன்பின் மேற்படிப்பும், அலுவலக அனுபவமும், இறுதித் தேர்வும் இருக்கின்றன. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பயிற்சிக் காலத்தையும் உள்ளடக்கிய ஐந்தாண்டுப் பட்டத்தை முடித்தவர் தனித் தேர்வு எதுவும் எழுதாமலே கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவுசெய்துகொள்ளலாம். யுனெஸ்கோவும் பன்னாட்டுக் கட்டடக் கலைஞர் ஒன்றியமும் 1996இல் கொண்டுவந்து பின்னர் திருத்தி வெளியிட்ட கல்விச் சாசனம், ஐந்தாண்டு முழுநேரப் படிப்புடன் இரண்டாண்டுப் பயிற்சியையும் குறைந்தபட்சமாகச் சொல்கிறது.

சட்டம் எப்படியிருந்தாலும், ஒரு கட்டடத்தின் பாதுகாப்புக்கும் செலவுக்கும் தனியாகப் பொறுப்பேற்கும் பக்குவம் பட்டமளிப்பு நாளன்று எவருக்கும் வந்துவிடுவதில்லை. அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. கேட்க வேண்டியது வேறு: அந்தப் பக்குவத்தை விரைவாகப் பெறக்கூடிய அடித்தளத்தைக் கல்லூரி போட்டுக்கொடுத்திருக்கிறதா?

அப்படியானால் கல்லூரி எதை நன்றாகக் கற்றுத்தருகிறது?

பிரச்சினை என்னவென்றே தெளிவாகத் தெரியாத நிலையிலிருந்து ஒரு வடிவத்துக்கு வந்துசேரும் திறமையை. ஓர் இடமும், அரைகுறையான தேவைப் பட்டியலும், சில வாரங்களும் கொடுக்கப்படுகின்றன. மாணவர் வெயிலையும் காற்றையும் ஆட்களின் நடமாட்டத்தையும் பார்த்து ஒரு யோசனைக்கு வருகிறார். ஆசிரியர் அதில் ஓட்டை காண்கிறார். மாணவர் கலைத்துவிட்டு மறுபடி தொடங்குகிறார். தன் கையால் வரைந்ததைத் தானே கைவிடும் இந்தப் பழக்கம் மிக அரியது. வேறு பல பட்டப்படிப்புகளில் ஒரே சரியான விடையைத் தேடக் கற்றவர்கள், விடை பலவாக இருக்கும் சூழலில் தயங்கி நிற்கும்போது, கட்டடக்கலை மாணவர் அங்கே தடையின்றி நடமாடுகிறார்.

கட்டடக்கலை வரலாறு, தட்பவெப்பத்துக்கேற்ற வடிவமைப்பு, கட்டமைப்பின் அடிப்படைகள், முப்பரிமாணத்தில் எண்ணிப் பார்க்கும் ஆற்றல் ஆகியவையும் கல்லூரியில்தான் வேர்பிடிக்கின்றன. நெருக்கடியான கெடுவுக்கு நடுவே எந்த அலுவலகமும் இவற்றை உட்கார்ந்து சொல்லிக்கொடுக்காது. இருபது ஆண்டுகள் தொழிலில் இருந்தவரிடம் பேசிப் பாருங்கள். படிக்கும் காலத்தில் கிடைத்த அந்த அவகாசம் பிறகு வாய்க்கவேயில்லை என்பார்.

ஸ்டுடியோ முறை எங்கிருந்து வந்தது? அதிலேயே குறை இருக்கிறதா?

19ஆம் நூற்றாண்டில் பாரிஸின் எகோல் தே போ-சார் பள்ளியில் உருவான முறையின் வழித்தோன்றலே, மேலே சொன்னபடி வரைந்தும் திருத்தியும் கற்கும் வகுப்பான இன்றைய ஸ்டுடியோ. அங்கே மாணவர் தனியறையில் அமர்ந்து 12 மணி நேரத்துக்குள் ஒரு முதல் வரைவைப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும். பின்வரும் வாரங்களில் எவ்வளவு மெருகேற்றினாலும் அந்த முதல் வரைவின் அடிப்படைக் கருத்தை விட்டு விலகக் கூடாது. கவனிக்கத்தக்க செய்தி என்னவென்றால், அந்த மாணவர் பயின்ற பட்டறை பெரும்பாலும் தொழிலில் ஈடுபட்டிருந்த ஒரு கட்டடக் கலைஞரின் மேற்பார்வையில் இயங்கியது. காலையில் கட்டுமானத்தைப் பார்வையிட்டவரே மாலையில் மாணவரின் தாளைத் திருத்தினார்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1868இல் கட்டடக்கலை வகுப்புகளைத் தொடங்கியது. அதையடுத்து இந்தக் கல்வி மெல்ல மெல்லப் பல்கலைக்கழகங்களுக்கு இடம்பெயர்ந்தது. பிரிட்டனில் 1958இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய மாநாடு அந்த இடப்பெயர்வை உறுதிப்படுத்தியது. இதனால் படிப்புக்கு மதிப்பும் ஆய்வுக்கு இடமும் கிடைத்தன. வசதியற்ற பின்னணியிலிருந்து வருபவருக்கும், ஓர் அலுவலகத்தின் தயவை நம்பியிராமல், வாசல் திறந்தது. ஆனால் ஆசிரியரின் மேசைக்கும் கட்டுமானத் தளத்துக்கும் இடையிலிருந்த அன்றாட உறவு தளர்ந்தது. ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளி அந்த உறவை மீட்கப் பார்த்தது. 1919இல் தொடங்கிய அப்பள்ளியில் கட்டடக்கலைக்கென்றே ஒரு துறை 1927இல்தான் வந்தது. அதன் பொறுப்பேற்ற ஹன்னஸ் மேயர், பெர்னாவ் நகரில் தொழிற்சங்கப் பள்ளி ஒன்றை வடிவமைத்துக் கட்டிய பணியில் தம் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டார். 1933இல் பௌஹவுஸ் மூடப்பட்டது.

ஆகவே ஸ்டுடியோ முறையைக் குற்றம் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கும் களத்துக்கும் நடுவே இருந்த கதவு சாத்தப்பட்டதே குறை.

வேலையில் சேர்ந்த புதியவர் எந்த இடத்தில் முதலில் தடுமாறுகிறார்?

தன் வரைபடத்தை வேறொருவர் படித்து அதன்படியே கட்டப்போகிறார் என்ற இடத்தில். கல்லூரியில் வரைபடத்தைப் பார்ப்பவர் ஜூரியில், அதாவது மாணவர் தன் வடிவமைப்பை விளக்கி மதிப்பீடு பெறும் அமர்வில், அமர்ந்திருக்கும் ஆசிரியர். கோட்டுக்குப் பின்னால் இருக்கும் எண்ணத்தை அவர் புரிந்துகொள்கிறார். விடுபட்டதைத் தன் அனுபவத்தால் நிரப்பிக்கொள்கிறார். மேஸ்திரியின் நிலை வேறு. தாளில் இருப்பதைத்தான் அவர் கட்ட முடியும். இல்லாததை அவரே முடிவுசெய்தாக வேண்டும்.

ஒரு படிக்கட்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியும் 150 மில்லிமீட்டர் உயரம் என்று மாணவர் வெட்டுத்தோற்றத்தில் (கட்டடத்தை நெடுக வெட்டினால் தெரியும் உட்புறப் படத்தில்) வரைகிறார்; எல்லாப் படிகளும் சமம், கணக்கு சரி, மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. அதே வரைபடம் தளத்துக்குப் போகிறது. சென்ட்ரிங் அடிப்பவர் கான்கிரீட்டில் எல்லாப் படிகளையும் 150 வீதம் சமமாக வார்க்கிறார். பிறகு தரைக்கு மேற்பூச்சு வருகிறது: கீழ்த்தளத்திலும் மேல்தளத்திலும் படுக்கைக் கலவையும் கல்லும் சேர்ந்து 50 மில்லிமீட்டர், படிகளின் மேல் ஒட்டப்படும் கல் 20 மில்லிமீட்டர் மட்டுமே. இப்போது அளந்து பார்த்தால் முதற்படி 120, நடுவில் உள்ளவை 150, கடைசிப் படி 180. ஏறுகிறவரின் கால் இரண்டாவது மூன்றாவது படியிலேயே ஓர் உயரத்துக்குப் பழகிவிடுகிறது. உச்சியில் 30 மில்லிமீட்டர் கூடுதலாக வரும்போது கால் தடுக்கி விழுகிறார். படிகளின் உயர வேறுபாட்டுக்குக் கட்டட விதிகள் கடுமையான வரம்பு வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

இங்கே மாணவருக்குப் படிக்கட்டு வடிவமைக்கத் தெரியாமல் இல்லை. கான்கிரீட்டின் மட்டம் வேறு, முடிக்கப்பட்ட தரையின் மட்டம் வேறு என்பதும், வரைபடத்தில் எழுதும் எண் இவ்விரண்டில் எதைக் குறிக்கிறது என்று சொல்லியாக வேண்டும் என்பதும் அவருக்குப் பழக்கமாகவில்லை. பழக்கமாவதற்குக் கல்லூரியில் வாய்ப்பும் இருக்கவில்லை, ஏனென்றால் அங்கே எவரும் அந்தப் படிக்கட்டில் ஏறவில்லை.

இதெல்லாம் சின்னச் சின்ன விவரங்கள்தானே? வேலையில் சேர்ந்து தானே கற்றுக்கொள்ள மாட்டார்களா?

பெரும்பாலானவற்றைக் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் விவரம் என்பது வடிவமைப்பு முடிந்தபின் ஒட்டப்படும் ஒன்று என்ற எண்ணத்தோடு ஒருவர் பட்டம் பெற்றால், அந்த எண்ணம் மாற நெடுங்காலம் ஆகிறது. சில வேளைகளில் அதற்குக் கொடுக்கும் விலை தாங்க முடியாததாகிவிடுகிறது.

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் ஹயட் ரீஜென்சி விடுதியின் முகப்புக் கூடத்தில், கூரையிலிருந்து எஃகுக் கம்பிகளால் தொங்கவிடப்பட்ட நடைபாலங்கள் 1981 ஜூலை 17 அன்று இடிந்து விழுந்து 114 பேர் இறந்தனர். நான்காம் தளப் பாலமும் அதற்கு நேர்கீழே இரண்டாம் தளப் பாலமும் ஒரே நீளக் கம்பியில் கோக்கப்படும் என்பது முதல் வரைபடம். அந்தக் கம்பியில் நெடுக மரை போட வேண்டியிருந்ததால், அதை இரண்டு துண்டுகளாக்கி, கீழ்ப்பாலத்தை மேற்பாலத்தின் உத்திரத்திலிருந்தே தொங்கவிடும்படி எஃகு வேலையின்போது மாற்றினார்கள். பார்வைக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் ஏற்பாட்டில் மேற்பாலத்தின் இணைப்பு தன் பாலத்தின் எடையை மட்டும் தாங்கினால் போதும்; மாற்றிய ஏற்பாட்டில் இரண்டு பாலங்களின் எடையும் அதன்மேல் விழுந்தது. எஃகுப் பாகங்களைச் செய்பவர்கள் தயாரிக்கும் பட்டறை வரைபடத்தில் வந்த அந்த மாற்றம் உரிய கணக்கீடு இல்லாமலே ஒப்புதல் பெற்றது. முதல் வடிவமைப்பே விதிகள் கோரிய வலிமையை எட்டவில்லை என்பதும் விசாரணையில் தெரியவந்தது. பொறுப்பான பொறியாளர்கள் தங்கள் உரிமத்தை இழந்தனர்.

இது கட்டமைப்புப் பொறியாளர்கள் தொடர்பான நிகழ்வு என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு வரைபடம் கைமாறும்போது என்ன ஆகிறது, மாற்றத்தை யார் கேட்கிறார், யார் சரிபார்க்கிறார், யார் கையெழுத்திடுகிறார் என்பதுதான் இதன் மையம். கட்டடக் கலைஞரின் மேசைக்கும் அப்படிப்பட்ட வரைபடங்கள் நாள்தோறும் வருகின்றன. இளநிலைப் படிப்பில் ஒரு பட்டறை வரைபடத்தைக்கூடக் கையால் தொடாமல் வெளியேறுபவர் பலர் என்பது எனக்கு உண்மையான கவலை.

தொழிலின் எந்தப் பகுதி பாடத்திட்டத்தில் மிகக் குறைவாக இருக்கிறது?

பிரிட்டனின் கட்டடக் கலைஞர் சங்கம் 1963 முதல் வெளியிட்டுவரும் பணித்திட்டம், ஒரு கட்டடத்தின் வாழ்க்கையை இன்று 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கிறது. தேவையை வரையறுப்பதில் தொடங்கி, கருத்துநிலை வடிவமைப்பு, ஒருங்கிணைப்பு, தொழில்நுட்ப வடிவமைப்பு, கட்டுமானம், ஒப்படைப்பு, பயன்பாடு என்று அது நீள்கிறது. கல்லூரி ஸ்டுடியோக்களின் பெரும்பகுதி இரண்டாம் நிலையான கருத்துநிலை வடிவமைப்பிலேயே நடக்கிறது; மூன்றாம் நிலையை எட்டிப் பார்ப்பதோடு பருவம் முடிந்து, அடுத்த பருவத்தில் புதிய திட்டம் தொடங்கிவிடுகிறது.

அமெரிக்க உரிம முறை கேட்கும் 3,740 மணி நேரம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தால் தொழிலின் எடை எங்கே இருக்கிறது என்று விளங்கும். கட்டுமானத்துக்கான விரிவான வரைபடங்களையும் ஆவணங்களையும் உருவாக்கும் பிரிவுக்கு 1,520 மணி நேரம். திட்டமிடலுக்கும் வடிவமைப்புக்கும் 1,080. கட்டுமானக் காலப் பணிக்கும் திட்ட மேலாண்மைக்கும் தலா 360. தேவைகளை ஆராய்வதற்கு 260. அலுவலக நிர்வாகத்துக்கு 160. மிகப் பெரிய பங்கைப் பெறும் ஆவணப் பணிதான் படிப்பில் மிக மெலிந்த பங்கைப் பெறுகிறது.

செலவும் அப்படியே. மாணவர் வரைந்த கட்டடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் அளவுப்பட்டியல் தயாரிக்கும் பாடம் வேறொரு வகுப்பில், வேறொரு மாதிரிக் கட்டடத்தை வைத்து நடக்கிறது. ஒப்பந்த முறைகள், கட்டட விதிகள், தீயணைப்பு வெளியேற்றம், தொழில்நெறி ஆகியவை இறுதியாண்டில் விரிவுரைகளாக வந்து தேர்வோடு போய்விடுகின்றன. தனித்தனியாகக் கற்ற இவை எல்லாம் ஒரே வரைபடத்தின்மேல் ஒரே நேரத்தில் வந்து மோதுவதுதான் தொழில். அந்த மோதலை மாணவர் ஒரு முறையாவது தாங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

மென்பொருள்கள் நன்றாகத் தெரிந்திருந்தால் போதாதா?

வேலை கிடைக்க உதவும்; வேலையைச் செய்ய அது மட்டும் போதாது. கோடுகளால் வரையும் ஆட்டோகேட் மென்பொருளிலிருந்து ரெவிட் போன்ற கட்டடத் தகவல் மாதிரி மென்பொருள்களுக்கு அலுவலகங்கள் மாறியபோது ஒன்று வெளிப்பட்டது. பழைய முறையில் சுவரை இரண்டு கோடுகளாக இழுத்துவிட்டு மேலே போகலாம். புதிய முறையில் சுவர் எத்தனை அடுக்குகளால் ஆனது என்று மென்பொருளே கேட்கிறது. பதில் தெரியாதவர் அதில் ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு சுவரைத் தேர்ந்தெடுக்க, அந்த அறியாமை துல்லியமான வடிவத்தில் எல்லா வரைபடங்களிலும் பரவிவிடுகிறது.

ஜூரியில் பேசிப் பழகியது வாடிக்கையாளரிடம் பேச உதவுமா?

கூச்சம் போகும், தன் வேலையைக் கோவையாகச் சொல்ல வரும். அதற்கு மேல் இரண்டும் வேறுவேறு. ஜூரியில் மாணவர் தன் முடிவைத் தற்காத்துக்கொள்கிறார், எதிரே இருப்பவர் குறை தேடுகிறார். வாடிக்கையாளரோ தன் சேமிப்பையும் அச்சத்தையும் கொண்டுவந்து வைக்கிறார். அவர் சொல்வதைக் கேட்பதும், சொல்லத் தெரியாததைக் கேள்விகளால் வெளிக்கொணர்வதும், முடியாததை முடியாது என்று நேரத்தோடு சொல்வதும்தான் அங்கே தேவை. கேட்டல் என்ற இந்தத் திறமைக்கு ஸ்டுடியோவில் மதிப்பெண் கிடையாது.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, கண்விழித்து வரைவதைப் பெருமையாகக் கருதும் வழக்கம். அமெரிக்கக் கட்டடக்கலை மாணவர் கழகம் 2002இல் ஸ்டுடியோப் பண்பாடு பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டு, உடல்நலத்தைக் கெடுக்கும் இந்த வழக்கத்தையும் தனித்து உழைப்பதையே போற்றும் மனப்பான்மையையும் கேள்விக்குள்ளாக்கியது. அதன் தொடர்ச்சியாக, ஒவ்வொரு பள்ளியும் தன் ஸ்டுடியோப் பண்பாட்டுக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்று அந்நாட்டின் அங்கீகார அமைப்பு கேட்கத் தொடங்கியது. இரவெல்லாம் விழித்திருந்தவர் தயாரிக்கும் வரைபடத்தில் பிழை மலியும். தவிர, அந்த வழக்கத்தோடு வேலைக்கு வருபவர், கூலியில்லாத கூடுதல் உழைப்பை இயல்பானதென்று ஏற்றுக்கொள்கிறார். தொழிலில் ஊதியம் தாழ்ந்து கிடப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

பயிற்சிக் காலம் இந்த இடைவெளியை நிரப்புகிறதா?

நிரப்பக்கூடிய இடம் அதுதான்; நிரப்புகிறதா என்பது அலுவலகத்தைப் பொறுத்தது. ஒரே பருவம் பயிற்சிக்குப் போன இரண்டு மாணவர்களில் ஒருவர் ஒப்பந்தக்காரருடனான கூட்டங்களில் உட்கார்ந்து, குறிப்பெடுத்து, தளத்தில் எழுந்த கேள்விக்கு விவர வரைபடம் போட்டு, அது கட்டப்படுவதைப் பார்த்துவிட்டு வருகிறார். மற்றவர் கழிவறைகளின் ஓடு அமைப்பை மட்டும் மாதக் கணக்கில் வரைந்துவிட்டுச் சான்றிதழோடு திரும்புகிறார். இருவருக்கும் கல்லூரி ஒரே மதிப்பெண் தருகிறது.

பயிற்சியைத் தேடித் தரும் பொறுப்போடு கல்லூரி நின்றுவிடக் கூடாது. எந்தெந்த வகைப் பணிகளை மாணவர் தொட்டிருக்க வேண்டும் என்று அலுவலகத்துடன் முன்கூட்டியே எழுத்தில் உடன்பாடு செய்துகொண்டு, நடுவில் ஒரு முறையாவது ஆசிரியர் போய்ப் பார்த்து வர வேண்டும். அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகம் 1906இல் பொறியியல் மாணவர்களுக்காகத் தொடங்கிய, படிப்பும் ஊதியத்துடன் கூடிய வேலையும் மாறிமாறி வரும் கூட்டுறவுக் கல்வி முறை பின்னர் அங்கே கட்டடக்கலைக்கும் வந்தது. வேலையிலிருந்து வகுப்புக்குத் திரும்பி, வகுப்பிலிருந்து மீண்டும் வேலைக்குப் போவதில் ஒரு நன்மை உண்டு: தளத்தில் முளைத்த கேள்வியை ஆசிரியரிடம் கொண்டுவர முடிகிறது. ஒரே மூச்சில் முடிந்துவிடும் பயிற்சி, அதுவும் படிப்பின் கடைசியில் வருவது, அந்த வாய்ப்பைத் தருவதில்லை.

அலுவலகங்களுக்கும் ஒரு சொல். புதியவருக்கு எதுவும் தெரியவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் அலுவலகமே, பயிற்சிக்கு வந்த மாணவருக்கு ஊதியமும் தராமல் கற்பிக்க நேரமும் ஒதுக்காமல் இருப்பது முறையாகாது.

மாணவர்களே உண்மையான கட்டடத்தைக் கட்டும் திட்டங்கள் பயன் தருகின்றனவா?

மிகுந்த பயன் தருகின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் மூர் தலைமையில் 1967இல் தொடங்கிய திட்டத்தில் முதலாண்டு முதுநிலை மாணவர்கள் ஒரு கட்டடத்தை வடிவமைத்துத் தம் கைகளாலேயே கட்டுகிறார்கள். இன்றும் அது தொடர்கிறது. ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டுடியோ, 1993இல் சாமுவேல் மாக்பீ, டி. கே. ரூத் ஆகியோரால் அலபாமாவின் ஏழை ஊர்ப்புறத்தில் தொடங்கப்பட்டது. அங்கே வேலை செய்பவர்கள் இளநிலை மாணவர்கள். தாங்கள் வரைந்த வீட்டில் குடியேறப் போகிறவரின் பெயரும் முகமும் அவர்களுக்குத் தெரியும். பணம் தீர்ந்துபோவதும், மழை வேலையைக் கெடுப்பதும், வாங்கிய பலகை வரைபடத்திலுள்ள அளவில் இல்லாததும் அவர்களுக்குப் பாடமாகின்றன.

ஆனால் இவை சிறிய கட்டடங்கள். ஒப்பந்தப்புள்ளி, துணை ஒப்பந்தக்காரர்கள், மின்தூக்கி, குளிரூட்டல் குழாய்கள், பல துறை வல்லுநர்களின் ஒருங்கிணைப்பு போன்றவை அவற்றில் அரிதாகவே வரும். எல்லாக் கல்லூரிகளாலும் அந்தச் செலவையும் பொறுப்பையும் ஏற்கவும் முடியாது. எளிய மாற்று ஒன்று உண்டு. ஒரு பருவத்தில் வடிவமைத்த அதே கட்டடத்தை அடுத்த பருவத்திலும் தொடரச் செய்து, அதன் ஒரு மூலையை மட்டும், அடித்தளத்திலிருந்து கைப்பிடிச்சுவர் வரை, கட்டக்கூடிய அளவுக்கு விவரமாக வரையச் சொல்லலாம். அந்த வரைபடத்தை மதிப்பிட ஒரு கட்டுநரையும் ஓர் அனுபவமிக்க மேஸ்திரியையும் ஜூரியில் உட்கார வைக்கலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. கட்டப்போகிறவர் தன் வரைபடத்தைப் படிப்பதை மாணவர் கண்ணெதிரே பார்ப்பதற்கு ஈடான பாடம் வேறில்லை என்று நினைக்கிறேன்.

அப்படியானால் இளநிலைப் படிப்பை முழுக்கத் தொழிற்பயிற்சியாக மாற்றிவிடலாமே?

கூடாது. இன்றைய அலுவலகத்தின் தேவைக்கு மட்டும் வெட்டித் தைத்த மாணவர், தேவை மாறியதும் பயனற்றுப்போவார். முப்பது நாற்பது ஆண்டுகள் நீளும் தொழில்வாழ்க்கையில் பொருள்களும் விதிகளும் மென்பொருள்களும் பலமுறை மாறும். கட்டடங்களின் கரிம உமிழ்வைக் குறைப்பதும், இருக்கும் கட்டடங்களை இடிக்காமல் மறுபடி பயன்படுத்துவதும் இப்போது தொழிலையே மாற்றிக்கொண்டிருக்கின்றன. வழக்கமான நடைமுறையை மட்டும் கற்றவர் அதைக் கேள்வி கேட்கமாட்டார். கேள்வி கேட்கும் உரிமையையும் துணிவையும் தருவது பல்கலைக்கழகம்.

முறையான கட்டடக்கலைப் பட்டம் பெறாமலே 1995இல் கட்டடக்கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற ஜப்பானின் தடாவோ ஆண்டோவைக் காட்டி, படிப்பே வேண்டாம் என்பவர்களும் உண்டு. அவர் பயணம் செய்தும் பழைய கட்டடங்களைப் பார்த்தும் வரைபடங்களைத் திரும்பத் திரும்பப் படியெடுத்தும் தமக்கென ஒரு கடும் படிப்பை அமைத்துக்கொண்டவர் என்பதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு மாற்றம் மட்டும் உடனே வேண்டும். ஸ்டுடியோத் திட்டங்கள் பெரும்பாலும் வெற்று மனையில் புதுக் கட்டடமாகவே தரப்படுகின்றன. அலுவலகத்துக்கு வரும் வேலைகளிலோ விரிவாக்கமும் திருத்தமும் பழுதுபார்ப்பும் ஏராளம். ஏற்கெனவே நிற்கும் ஒரு கட்டடத்தை அளந்து, அதன் விரிசலையும் ஈரத்தையும் படித்து, எதை வைத்துக்கொள்வது என்று முடிவுசெய்யும் ஒரு ஸ்டுடியோவாவது படிப்பில் கட்டாயமாக இருக்க வேண்டும். அது கல்விக்கும் ஆழம் தரும், தொழிலுக்கும் உதவும்.

படிக்கும்போதே மாணவர் தாமாக என்ன செய்துகொள்ளலாம்?

அன்றாடம் புழங்கும் கட்டடத்தில் ஒரு சன்னலை எடுத்துக்கொண்டு, அதை அளந்து, மறைந்திருக்கும் பகுதிகளை ஊகித்து, வெட்டுத்தோற்றமாக வரைந்து பாருங்கள். அடிக்கட்டை வெளிப்புறம் சாய்ந்திருக்கிறதா, அதன் அடிப்பக்கத்தில் நீர் சொட்டி விழ ஒரு காடி இருக்கிறதா, இல்லையென்றால் அதன் கீழே சுவரில் கறை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் ஸ்டுடியோ வரைபடத்திலுள்ள சன்னலைப் பாருங்கள்.

நடந்துகொண்டிருக்கும் கட்டுமானம் ஒன்றை அனுமதி பெற்று, ஒரே ஒரு முறை போய்ப் படமெடுத்துத் திரும்பாமல், சில வாரங்களுக்கு ஒரு முறை தொடர்ந்து பாருங்கள். எந்த வேலைக்குப் பின் எந்த வேலை வருகிறது, யாருக்காக யார் காத்திருக்கிறார் என்பது அப்போதுதான் பிடிபடும். முடிந்தால் ஓர் அலுவலகத்திடம் ஒரு சிறிய கட்டடத்தின் முழு வரைபடத் தொகுப்பைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்குக் குறிப்பு எப்படிப் போகிறது என்று விரலால் தொடர்ந்து போய்ப் பாருங்கள். உங்கள் திட்டத்தில் ஓர் அறைக்கு மட்டுமாவது செங்கல், சிமென்ட், பூச்சு எவ்வளவு என்று கணக்கிடுங்கள். போர்ட்ஃபோலியோவில் அழகிய தோற்றப் படங்களுக்கு நடுவே, கையால் வரைந்த ஒரு நல்ல விவர வரைபடம் இருந்தால் அனுபவமுள்ளவர் அங்கேதான் நின்று பார்ப்பார்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது எதை விசாரிக்க வேண்டும்?

தரவரிசையை விடச் சில நேரடிக் கேள்விகள் கூடுதலாகச் சொல்லும். ஸ்டுடியோ ஆசிரியர்களில் எத்தனை பேர் இப்போதும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்? கட்டமைப்பும், நீர், மின்சாரம் போன்ற சேவை வசதிகளும் கற்பிப்பவர்கள் ஸ்டுடியோவுக்குள் வந்து மாணவரின் வரைபடத்தைத் திருத்துகிறார்களா, தனி வகுப்போடு போய்விடுகிறார்களா? ஒரு திட்டமாவது ஒரு பருவத்தைத் தாண்டித் தொடர்கிறதா? பயிற்சிக்குப் போன மாணவர்களை யார் கண்காணிக்கிறார்? மாணவர்கள் பொருள்களைக் கையாளப் பணிமனை இருக்கிறதா, அது மாலையிலும் திறந்திருக்கிறதா? இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் தனியாகப் பேசி, அவருடைய அண்மைத் திட்டத்தில் மழைநீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்று கேளுங்கள். வரைபடத்தில் அதைக் காட்டிச் சொல்லத் தெரிந்த மாணவர்கள் இருக்கும் கல்லூரியில் பிள்ளையைத் தயக்கமின்றிச் சேர்க்கலாம்.